கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன, ஆனால் இந்த எருமைகள் சந்தித்தனவா?

ஊரணிப்படி:
வணக்கம். காரைக்குடியில் எம்எஸ்சி விலங்கியல் படிக்கிறேன். விலங்குகளின் நடமாட்டம் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை, ஆனால் விலங்கின் கழுத்தில் மாட்டி அது போகும் இடத்தைப் பதிவு செய்யும் காலர் வாங்கக் காசு கிடையாது, வீட்டு முற்றத்துக்கு யானை வருவதும் கிடையாது. விலங்குகளின் நடமாட்டத் தரவைச் சேர்த்து வைக்கும் மூவ்பேங்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் ஆப்பிரிக்க எருமைத் தரவை இறக்கினேன். 2005, 2006 வாக்கில் ஆறு எருமைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டி எடுத்தது. கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஆறுக்கும் ஆறு நிறம் கொடுத்துப் போட்டால் ஓலைக் கொட்டான் பின்னியது மாதிரி கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. "இவை நெருங்கிப் பழகியிருக்கின்றன" என்று கைடிடம் காட்டினேன். "ஒரே வழியில் போனதா, ஒன்றாகப் போனதா?" என்று கேட்டார். முழித்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தரவுத்தச்சன்:
நல்ல கைடு. உங்கள் படத்தில் நேரம் இல்லை, சிக்கல் அதுதான். முதலில் ஒவ்வொரு காலரும் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நின்றது என்று எழுதி வையுங்கள். ஒன்று நின்ற பிறகுதான் இன்னொன்று தொடங்கியிருந்தால், கோடு எவ்வளவு ஒட்டியிருந்தாலும் அந்த ஜோடியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. காலம் சேருகிற ஜோடிகளுக்கு மட்டும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிவான புள்ளிகளை எடுத்து இடைத்தூரம் பாருங்கள். அந்த 'ஏறக்குறைய' எவ்வளவு என்பது உங்கள் முடிவு. மணிக்கு ஒரு புள்ளி வரும் தரவில் ஐந்து பத்து நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, அரை மணி என்றால் எருமை அதற்குள் எங்கேயோ போயிருக்கும். ஆர் என்கிற புள்ளியியல் நிரல் மொழியில் இதற்கென்றே வைல்ட்லைஃப்டிஐ என்று ஒரு தொகுப்பு இருக்கிறது.

அப்புறம், பக்கத்தில் நின்ற தடவைகளை எண்ணிவிட்டு முடித்துவிடாதீர்கள். வறண்ட மாதங்களில் தண்ணீர் ஓரிரு இடத்தில்தான் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மந்தைகளும் அங்கேதான் வரும். அதனால் ஒரு எருமையின் தடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதின் தேதிகளை ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளித் தள்ளி மறுபடி எண்ணுங்கள். தள்ளியும் அதே எண்ணிக்கை வந்தால் அது தண்ணீர் செய்த வேலை. மளமளவென்று குறைந்தால், சேர்ந்து திரிந்திருக்கின்றன என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

மூவ்பேங்கில் நேரப் பத்தி யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு 2 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கிடைவீட்டான்:
எனக்கு இந்த ஆர், கியூ எல்லாம் தெரியாது தம்பி. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பழைய கேள்வி. எங்கள் அய்யா கீதாரி, சிவகங்கைப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே தஞ்சாவூர்ச் சீமை வரை போவார். ஒரு வருடம் எங்கள் கிடை வெள்ளிக்கிழமை தண்ணி காட்டிய கண்மாயில் அதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, வேறொரு கீதாரியின் ஆடுகள் இறங்கியிருந்தன. இரண்டு கிடையும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் ஆட்டுக்கு இருந்த கோமாரி எங்கள் ஆட்டுக்கும் வந்துவிட்டது. அய்யா கடைசி வரை அந்தக் கண்மாயைத்தான் திட்டினார். உங்கள் கணக்குப்படி எங்கள் ஆடுகள் அவற்றைச் சந்திக்கவே இல்லை, அப்படித்தானே?

தரவுத்தச்சன்:
அண்ணே, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரே இடம் வேறு நேரம் என்பதும் ஒரு தொடர்புதான், நோய் பற்றிய ஆய்வுகளில் அதைத் தனியாகவே எண்ணுவார்கள். கோமாரிக் கிருமி வெளியிலும் சில நாள் உயிரோடு கிடக்கும், அதனால் அதற்கு நேர இடைவெளியை நாள் கணக்கில் வைக்கலாம். இந்த எருமைகளுக்கே காலர் மாட்டியது மாட்டுக் காசநோய் பற்றிய ஆய்வில்தான். அதனால் ஊரணிப்படி, உங்கள் கேள்வி உறவா, நோயா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இன்னொன்று, காலர் ஆறு எருமைக்குத்தான். மந்தையில் மற்றவை நூற்றுக்கணக்கில் இருக்கும். உங்கள் எருமை 'தனியாக' நின்ற இரவில் அதன் பக்கத்தில் காலர் இல்லாத ஐம்பது படுத்திருக்கலாம்.

ஊரணிப்படி:
ரொம்ப நன்றி. 5 மீட்டருக்குள் வந்தால் சந்திப்பு என்று வைத்திருந்தேன், சரியா? இன்னொரு ஆசை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நத்தைகுத்தி நாரைக்கு, அது போகும் இடம் காட்டும் டேக் போட முடியுமா?

கொள்ளுகுடிக்காரன்:
டேக்கின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்றுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நத்தைகுத்தி ஒரு கிலோ என்று வைத்தால் 30 கிராம், அந்த எடைக்குள் கருவி கிடைக்கிறது. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பறவையைக் கையால் தொடக்கூடாது, அந்த அனுமதி உங்கள் ப்ராஜெக்ட் முடிவதற்குள் வராது. பறவைக்காகத் தீபாவளிக்கு ஒரு சரம்கூட வெடிக்காத ஊர் எங்களுடையது. கூடு கட்டுகிற நேரத்தில் வலையோடு வந்து நின்றால் ஆச்சிமார்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பைனாகுலரோடு வாருங்கள், காபி தருகிறோம்.

தரவுத்தச்சன்:
5 மீட்டர் வேண்டாம். மரத்தடியில் காலர் காட்டும் இடத்தின் பிழையே பத்து, இருபது மீட்டர் போகும்.

ஊரணிப்படி:
50, 100, 200 என்று மூன்றும் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். அந்த யூடிசி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். பகல் இரவு படத்தில் ஐந்தரை மணி கூட்டி வைத்திருக்கிறேன், க்ரூகர் எருமைகள் இத்தனை நாளும் காரைக்குடி நேரத்தில் மேய்ந்திருக்கின்றன. திங்கட்கிழமை கைடைப் பார்க்கும்போது கிடைவீட்டான் அண்ணன் சொன்ன செவ்வாய் வெள்ளிக் கணக்கைத் தனிப் பகுதியாகச் சேர்க்கலாமா என்று கேட்கப் போகிறேன்.