சாய்சதுரம்: கோலத்தில் தொடங்குவதா, நிரூபணத்தில் தொடங்குவதா?

கும்பகோணம் ஆசிரியை:
எட்டாம் வகுப்பில் சாய்சதுரத்தை நான் கோலத்தில்தான் தொடங்குகிறேன். மார்கழி முழுவதும் வாசலில் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகளிடம் “5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி” என்றால் போதும். 1, 3, 5, 3, 1 என்று வைத்து ஓரப்புள்ளிகளை இணைத்துவிடுவார்கள். பக்கங்கள் நான்கும் சமம், மூலைவிட்டங்கள் செங்குத்து என்பதை அவர்களே கண்டு சொல்கிறார்கள். நிரூபணத்தை முதலில் வைத்தால் பாதி வகுப்பு அப்போதே ஒதுங்கிவிடுகிறது.

மன்னார்குடி ஆசிரியர்:
அம்மா, அந்தக் கோலத்தில் வருவது முனையில் நிற்கும் சதுரம். மேலிருந்து கீழாக 4 இடைவெளி, இடமிருந்து வலமாகவும் 4 இடைவெளி. சதுரமும் சாய்சதுரமே என்றாலும், இதை மட்டும் பார்த்த பிள்ளை எல்லாச் சாய்சதுரத்திலும் மூலைவிட்டங்கள் சமம் என்று எழுதும். என் வகுப்பில் எழுதியிருக்கிறார்கள். மேலும், கோணமானி ஒருவருக்கு 89° காட்டும், அடுத்தவருக்கு 91° காட்டும். மூலைவிட்டங்கள் இருசமக்கூறிடும் என்பது இணைகரப் பாடத்திலேயே தெரிந்ததுதான். அடுத்தடுத்த இரு சிறு முக்கோணங்களை எடுத்தால் சாய்சதுரத்தின் பக்கங்கள் சமம், ஒரு பக்கம் பொது, மீதமுள்ளவை சமக்கூறுகள் என்பதால் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி அவை சர்வசமம். எனவே மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் ஒரே நேர்கோட்டின் மீது அமைந்த அவற்றின் இரு கோணங்களும் சமமாகி, 90° ஆகத்தான் வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கும்பகோணம் ஆசிரியை:
பிழையை ஏற்கிறேன் ஐயா. ஆனால் பிழை புள்ளி வகையில் இருக்கிறது, கோலத்தில் இல்லை. “3 புள்ளி, 1 வரை, ஊடுபுள்ளி” என்று 1, 2, 3, 2, 1 வைத்தால் ஒரு மூலைவிட்டம் நெடிதாகவும் மற்றது குட்டையாகவும் வருகிறது. இரண்டு கோலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லி, எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்பேன்.

திருவாரூர் ஆசிரியர்:
கோலம் அசையாது. நான் 10 செ.மீ. ஈர்க்குச்சிகள் நான்கை சைக்கிள் வால்வு டியூப்பால் இணைத்துக் கட்டத்தாளில் வைத்து நெருக்கச் சொல்கிறேன். சுற்றளவு மாறாததால் பரப்பும் மாறாது என்று வகுப்பே சொன்னது. சதுரமாக நின்றபோது 100 ச.செ.மீ.; மூலைவிட்டங்கள் 16, 12 ஆனபோது, பெருக்கத்தில் பாதியாக 96. ஒரு மாணவி நம்பாமல் கட்டங்களை இரண்டு முறை எண்ணினாள்.

மன்னார்குடி ஆசிரியர்:
இவை தொடக்கத்திற்கு நல்லவை; மறுக்கவில்லை. ஆனால் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினாலே சாய்சதுரமா என்று ஒரு பிள்ளை கேட்டால், குச்சியும் கோலமும் பதில் சொல்லாது. பட்டம் என்னும் நாற்கரத்திலும் அவை செங்குத்தாகவே வெட்டுகின்றன. அங்கே ஒன்று மட்டுமே இருசமமாகப் பிரிய வேண்டும், மற்றது பிரிய வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டைப் பிள்ளை காரணத்தோடு எழுதும் வரை இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.