துளசி இலை சுருண்டு காய்கிறது: தேனீக்காகக் கதிரை விட்டது தப்பா?

மாடிப்பந்தல் (மதுரை):
மொட்டை மாடித் தொட்டியில் ஒன்றரை வயதுத் துளசி நிற்கிறது. பக்கத்தில் பாகலும் பூசணியும் பிஞ்சிலேயே உதிர்ந்ததால், தேனீ வரட்டும் என்று துளசிக் கதிரைக் கிள்ளாமல் விட்டேன். கொசுத்தேனீ கூட்டமாக வந்தது, பூசணியும் காய்த்தது. ஆனால் இப்போது துளசியின் கொழுந்து சுருண்டு, இலை வெளிறிக் காய்கிறது. கதிரை ஒடிக்காததால்தான் என்கிறார் அத்தை. நிஜமா?

செம்மண்:
தண்ணீர் அதிகமோ? விரலை விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

மாடிப்பந்தல்:
அப்படித்தான் ஊற்றுகிறேன். வடிதுளையும் அடைக்கவில்லை.

கீரைக்காரன்:
அக்கா, இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா?

மாடிப்பந்தல்:
ஐயோ, ஆமாம் தம்பி! எள்ளைவிடச் சின்னதாக ஏதோ நகர்கிறது. இத்தனை நாள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீரைக்காரன்:
கண்ணாடி இறக்கைப் பூச்சி. இறக்கை வலைத்துணி மாதிரி இருக்கும். சாற்றை உறிஞ்சுவது அதுதான், கறுப்புப் புள்ளி அதன் எச்சம். மோசமாகச் சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மிச்சத்துக்கு இலையின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, மூன்று தடவை. கடைப் பூச்சிமருந்து கூடவே கூடாது, வாயில் போடும் இலை. தேனீ அடங்கிய பிறகு, அந்தியில் அடியுங்கள்.

மாடிப்பந்தல்:
அங்கேதான் சிக்கல். விளக்கு வைத்த பிறகு துளசியைத் தொடக்கூடாது என்பார் அத்தை.

கீரைக்காரன்:
சரி, அப்படியென்றால் காலையிலேயே விரிந்த கதிரை எல்லாம் வெட்டிவிடுங்கள். பூ இல்லாவிட்டால் தேனீ செடியைத் தேடி வராது. மாலை ஐந்தரை மணிக்கு அடித்துவிடலாம், அத்தைக்கும் சம்மதம்.

பாட்டிதோட்டம்:
அத்தை சொல்வதிலும் பாதி உண்மை அம்மா. விதை முற்றவிட்டால் செடி இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு, தண்டு கட்டையாகிவிடும். நான் பாதிக் கதிரைக் கிள்ளுவேன், பாதியைத் தேனீக்கு விடுவேன், அது பழுப்பேறும் முன் அதையும் எடுத்துவிடுவேன். அதற்குள் கிள்ளிய பக்கம் பூத்திருக்கும். கிள்ளும்போது கதிருக்குக் கீழே ஒரு ஜோடி இலையையும் சேர்த்துக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். வெறும் கட்டை வரை வெட்டிவிடாதீர்கள், துளிர்க்காமலே போய்விடும். ஒரே ஒரு கதிரை மட்டும் காயவிட்டு விதை எடுத்து வையுங்கள். தொட்டித் துளசி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தெம்பாக நிற்பது அபூர்வம்.

மாடிப்பந்தல்:
மூன்று வாரம் ஆயிற்று. புதுக் கொழுந்து சுருளவில்லை, இலையின் அடியும் சுத்தம். கிழக்குப் பக்கம் நாலு கதிர் பூத்திருக்கிறது, தேனீயும் வந்துவிட்டது. கிள்ளும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறையாம்.