மிகச் சிறு குழந்தைக்குச் சதுரங்கம் கற்பித்த அனுபவங்கள்

செங்கல்பட்டுச் சித்தி:
2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது என் அக்கா மகளுக்கு நான்கு வயது. வேட்டி சட்டையுடன் ஊரெங்கும் நின்ற போட்டிச் சின்னமான குதிரை ‘தம்பி’யைப் பார்த்துவிட்டு வந்தவள், பலகையிலிருந்த குதிரைகளையும் தம்பி என்றே அழைத்தாள். காய்கள் நகரும் விதம் அவளுக்கு எளிதில் பிடிபட்டது. என் மந்திரி அவளுடைய குதிரையை வெட்டியபோது அவள் அழவில்லை. என் விரல்களைப் பிரித்துக் குதிரையை எடுத்துப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, "தம்பி இனிமே விளையாட வரமாட்டான் சித்தி" என்றாள். அவளிடம் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மதுரைப் பயிற்சியாளர்:
எல்லாக் காய்களையும் ஒரே நாளில் பரப்புவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. என்னிடம் பயின்ற சிறுவன் ஒருவன் ராணியைப் பறிகொடுத்ததும் பலகையையே கவிழ்த்துவிட்டான். முதலில் சிப்பாய்களை மட்டும் கொடுங்கள்: ஆளுக்கு எட்டு, எதிர்முனையை முதலில் தொடுபவருக்கு வெற்றி. நேராக நடக்கும் சிப்பாய் குறுக்காக வெட்டுவது சிறு குழந்தைகளைக் குழப்பும் என்பதால், அது பழகும்வரை வேறு காயைக் காட்டாதீர்கள். பிறகு ராஜா, யானை, மந்திரி, ராணி என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். குதிரை கடைசியில் வரட்டும். வெட்டுப்பட்ட சிப்பாய் சில நிமிடங்களில் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பி வருவதைக் காணும் குழந்தைக்கு இழப்பு பெரிதாகத் தெரியாது. அலுப்பு தட்டும் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கும்பகோணம் தாத்தா:
குதிரையைக் கடைசிக்குத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. என் பேரன் மற்ற காய்களைச் சீண்டாமல், வெறும் பலகையில் குதிரையை மட்டும் தாவவிட்டுக்கொண்டிருந்தவன், ஒவ்வொரு தாவலுக்கும் கட்டத்தின் நிறம் மாறுவதைத் தானாகவே கண்டுபிடித்துக் கூவினான். யாரும் அதை அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஹங்கேரியின் சூசன் போல்கார் நான்கு வயதிலேயே புடாபெஸ்டில் பதினொரு வயதுக்குட்பட்ட சிறுமியர் போட்டியை வென்றவர்தான். ஆனால் ஆனந்த் தம் தாயாரிடம் கற்றது ஆறு வயதில், 2024இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் ஆடத் தொடங்கியது ஏழு வயதில். நான்கு வயதில் வரிசை, பாடத்திட்டம் என்று எதற்கு அவசரம்? மடிக்குள் போன குதிரை அங்கேயே சில மாதம் இருந்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

கோவை அம்மா:
எங்கள் வீட்டில் வெட்டுவதில் தகராறு எழவில்லை; காஸ்லிங்கில்தான் எழுந்தது. ராஜா இரண்டு கட்டம் நகர, யானை அவரைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்பதைக் காட்டினேன். ஐந்து வயது மகன் இரண்டு காய்களையும் பழைய இடத்திலேயே கவனமாக வைத்துவிட்டு, "ஒரு தடவைக்கு ஒரு காய்தான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றான். அவன் கண்ணில் அது அப்பட்டமான ஏமாற்று வேலை. இந்த வயதுக்குப் புரியும்படி இதை யாராவது விளக்கியிருந்தால் எழுதுங்கள். அவன் இன்னும் ராஜாவை நடுவிலேயே நிறுத்தித்தான் ஆடுகிறான்.