எல்லையோர ஊர்களில் உயிரியலும் தடய அறிவியலும்: லேபில் எதிர்ப்படுபவை (நாலு ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொல்வது)

வாளையார்:
பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ முடித்துவிட்டு எம்.எஸ்சி. தடய அறிவியலுக்குப் போகிறவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் காஸில்–மேயர் சோதனை, அதாவது ஒரு கறை ரத்தமாக இருக்குமா என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனை. பார்க்க எளிது, வரிசை தப்பினால் ஒன்றுக்கும் உதவாது. ரீஏஜென்ட்டை, அதாவது சோதனைக் கரைசலை, முதலில் ஒழுங்காகச் செய்யணும். பீனால்ஃப்தலீன் 2 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 20 கிராம், துத்தநாகத் தூள் 20 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மி.லி. கலந்ததும் கடும் ரோஸ் நிறத்தில் நிற்கும். ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவைக்கே விடும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் மாட்டி, அந்த நிறம் சுத்தமாகப் போகிறவரை கொதிக்கவிடணும். இரண்டு மணி நேரம்கூட ஆகும், அவசரப்படக் கூடாது. பழுப்பு பாட்டிலில் ஊற்றி, அடியில் கொஞ்சம் துத்தநாகத் தூள் கிடக்கிற மாதிரி ஃப்ரிட்ஜில் வைக்கணும். தூள் இல்லையென்றால் காற்றுப்பட்டு மெல்ல மறுபடி சிவக்க ஆரம்பிக்கும்.

சோதனையைக் கறையின் மேலேயே செய்துவிடாதீர்கள். வட்ட ஃபில்டர் பேப்பரை நாலாக மடித்து, கூர்முனையால் கறையை லேசாகத் தேய்த்து விரியுங்கள். எத்தனால் ஒரு சொட்டு, ரீஏஜென்ட் ஒரு சொட்டு. இங்கே கை நிற்கணும். இப்போதே சிவந்தால் துரு, செம்பு உப்பு, ப்ளீச்சிங் பவுடர் ஏதோ ஒன்று வேலை செய்கிறது, அந்தத் தாளை வைத்து ரத்தம் என்று சொல்ல முடியாது. நிறம் வரவில்லை என்றால்தான் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. 10, 15 விநாடிக்குள் பளிச்சென்று சிவக்கணும். ஒரு நிமிஷம் கழித்துச் சிவப்பது காற்றின் வேலை, அதைப் பாஸிட்டிவ் என்று எழுதக் கூடாது. கூடவே இன்னும் இரண்டு தாள் கட்டாயம்: தெரிந்த ரத்தம் தொட்டது ஒன்று, அதே துணியில் கறையில்லாத இடத்தைத் தேய்த்தது ஒன்று.

எங்கள் பக்கம் சுவரிலும் பஸ் படியிலும் வெற்றிலை எச்சில் நிறைய. காய்ந்துவிட்டால் கண்ணுக்கு ரத்தம் மாதிரியே இருக்கும். சுண்ணாம்பு இருக்கிறதே, பீனால்ஃப்தலீன் சிவந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ரீஏஜென்ட்டே காரக் கரைசல்தான். அதில் இருப்பது ஒடுக்கப்பட்ட வடிவம், அது ஆக்ஸிஜனேற்றம் நடந்தால்தான் சிவக்கும், சுண்ணாம்புக்குச் சிவக்காது. ஆனால் மெல்லுகிறவரின் ஈறில் ரத்தம் கசிந்திருந்தால் சோதனை பாஸிட்டிவ் காட்டும். அது நிஜமான ரத்தம், வழக்குக்குச் சம்பந்தமில்லாத ரத்தம். ஆகவே இந்தக் கட்டத்தில் "ரத்தமாக இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது.

ரத்தம்தான் என்று உறுதிசெய்ய டகயாமா படிகச் சோதனை. பிரிடின் 3 மி.லி., பூரித குளுக்கோஸ் கரைசல் 3 மி.லி., 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 3 மி.லி., தண்ணீர் 7 மி.லி. கறைத் துணுக்கின் மேல் விட்டுக் கவர்ஸ்லிப் மூடி மெதுவாகச் சூடாக்கினால் இறகு மாதிரி ரோஸ் நிறப் படிகங்கள் வரும். தீயைக் கூட்டினால் திரவம் வற்றி, படிகம் எது அழுக்கு எது என்று தெரியாமல் போகும்.

குழித்துறை:
இங்கே ஆறும் குளமும் கால்வாயும் அதிகம் என்பதால், தண்ணீரில் கிடைத்த உடல் மூழ்கி இறந்ததா என்று பார்க்கும் டயாட்டம் சோதனை பற்றிச் சொல்கிறேன். டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும் நுண்பாசி. தொடை எலும்பு அல்லது மார்பெலும்பின் மஜ்ஜையை அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மையவிலக்கில் சுற்றி, பலமுறை கழுவி, அடியில் தங்கும் வண்டலை ஸ்லைடில் பார்ப்பது முறை. பழுப்புப் புகை வரும், ஃப்யூம் ஹூடுக்கு வெளியே இதைத் தொடவே கூடாது. டயாட்டத்தின் ஓடு சிலிக்கா என்பதால் அமிலத்தில் அழியாது. அதே காரணத்தால் குழாய்த் தண்ணீரில் கழுவிய பீக்கரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் அமிலத்தில் ஊறவைத்து, மெம்ப்ரேன் வடிகட்டிய தண்ணீரில் அலச வேண்டும். மஜ்ஜை இல்லாமல் அமிலம் மட்டும் வைத்து ஒரு வெற்று மாதிரியும் கடைசிவரை ஓட்ட வேண்டும். அதில் நாவிக்குலா என்ற டயாட்டம் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேலை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

உடல் கிடைத்த இடத்துத் தண்ணீர் 1 லிட்டர் எடுத்து கெடாமல் இருக்க லூகால் அயோடின் கரைசல் விட்டு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இருக்கும் டயாட்டம் கூட்டம் கோடையில் இருக்காது, ஆகவே மாதம் கழித்து எடுத்த தண்ணீரோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. தேங்காய்ப்பட்டணம், பூவாறு மாதிரி ஆறு கடலில் சேரும் இடங்களில் நன்னீர் இனமும் காஸினோடிஸ்கஸ் போன்ற கடல் இனமும் கலந்தே வரும். அதைப் பார்த்து "கடலில் மூழ்கியது" என்று முடிவு கட்டக் கூடாது. டயாட்டம் கிடைக்கவில்லை என்பதாலேயே மூழ்கவில்லை என்றும் ஆகாது.

செங்கோட்டை:
உடலில் மொய்க்கும் ஈப்புழுவின் வயதை வைத்து, இறந்து எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடுவோம். அந்தப் புழுவைச் சேகரிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: உயிரோடு எடுத்து நேரே ஆல்கஹாலில் போடுவது. புழு சுருங்கிக் கறுத்துவிடும், நீளத்தை அளந்து வயது சொல்ல முடியாது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் அரை நிமிஷம் போட்டு, பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். இன்னொரு பாதியை ஈரல் துண்டில் உயிரோடு வளர்த்து ஈயாக்கினால்தான் இனம் உறுதியாகும். பெரிய புழு எங்கே என்று தேடுங்கள், அதுதான் மூத்தது. மேய்ந்து முடித்தவை உடலை விட்டு நகர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். சில மீட்டர் தூரம்வரை மண்ணைக் கிளறிப் பார்க்காவிட்டால் மூத்த தலைமுறையே கைவிட்டுப்போகும்.

நம்மூரில் கிரைசோமியா மெகாசெஃபலா, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற ஈ இனங்கள் இரண்டும் சாதாரணமாக வரும். ரூஃபிஃபேசிஸ் புழு உடம்பெல்லாம் முள்முள்ளாக இருக்கும், மற்ற புழுக்களைத் தின்னும். முதலில் வந்த இனம் அதன் வாயில் போய்விட்டால், காலக் கணக்கு குறைவாக வரும். வெப்பநிலையும் மூன்று இடத்தில் எடுங்கள்: காற்று, மண், புழுக் குவியலின் நடு. குவியலின் நடுவில் வெளியைவிடப் பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாக இருப்பது சகஜம். ஆரியங்காவில் கிடந்த உடலுக்குச் செங்கோட்டை, தென்காசி வெயிலைக் கணக்கில் போடாதீர்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் மழையும் நிழலும் வேறு.

சித்தூர்:
தாவரவியல் படித்தவர்களை "உனக்கு இங்கே என்ன வேலை" என்று கேட்பவர்களுக்கு ஒரு விதையைக் காட்டினால் போதும். இரைப்பையில் தட்டையான விதைகள் கிடைத்தால் ஊமத்தையா, மிளகாயா? எங்கள் பக்கம் குழம்பில் மிளகாய் விதை இல்லாத வயிறே இருக்காது. ஊமத்தை விதை சிறுநீரக வடிவம், பழுப்பு, மேலே குழிகுழியாக இருக்கும், விளிம்பு தடித்தது. மிளகாய் விதை வெளிர் மஞ்சள், வழவழப்பு, ஓரம் மெல்லியது. சந்தேகம் தீராவிட்டால் பிளேடால் தட்டைப் பக்கத்துக்கு இணையாகச் சீவி, லென்சில் கருவைப் பாருங்கள். மிளகாயில் கரு 6 என்று எழுதினாற்போல் உள்பக்கம் சுருண்டிருக்கும், ஊமத்தையில் நுனி வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். பழகாத கை முதல் பத்து விதையில் கருவை இரண்டாக வெட்டிவிடும். மார்க்கெட்டில் வாங்கிய வற்றல் விதையில் பழகிக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். தமிழில் ஊமத்தை, மலையாளத்தில் உம்மம், தெலுங்கில் உம்மெத்த, இது பரவாயில்லை. அரளி என்று சீட்டில் எழுதி வந்தால் செவ்வரளியா, பொன்னரளியா, ஒதளமா? தெலுங்குச் சீட்டில் அதுவே கன்னேறு. நீரியம், திவீசியா, செர்பெரா என்று பேரினப் பெயரோடு எழுதினால்தான் எந்த மாநில லேபிலும் ஒரே செடியைத் தேடுவார்கள்.

குழித்துறை:
விஷம் என்றதும், இறந்தவரின் உள்ளுறுப்புகளைப் பரிசோதனைக்குப் போட்டு அனுப்பும் பாட்டில் நினைவுக்கு வருகிறது. மதராஸில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அடிப்படை வேலை. பூரித உப்புக் கரைசலில் வைப்பது வழக்கம். பயன்படுத்திய அதே உப்பிலிருந்து கொஞ்சம் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் உப்பில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அரிக்கும் அமில வழக்கில் உப்பு கூடாது, ஸ்பிரிட் போடலாம். மது சந்தேகம் என்றால் ஸ்பிரிட் கூடாது. டிஎன்ஏ வேண்டும் என்றால் ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள்.

வாளையார்:
டிஎன்ஏவுக்கு மழைக்கால ஈரம்தான் பெரிய எதிரி. ரத்தத் துணியை நிழலில் ஃபேன் காற்றில் முழுக்கக் காயவைத்துக் காகித உறையில் போடணும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு போட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். செம்மண்ணில் ஊறிய ரத்தத்தில் மண்ணிலுள்ள ஹ்யூமிக் அமிலம், டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆரை நிறுத்திவிடும். முடிவு வெறுமையாக வந்தால் டிஎன்ஏ இல்லை என்று எழுதும் முன் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். நீர்த்ததில் வந்தால் தடுத்தது மண்தான்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போகணும் என்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே படிக்கும்போதே ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுக்கவும் உறை மடிக்கவும் கை பழகட்டும். உறையின் வாயை எச்சில் தொட்டு ஒட்டாதீர்கள், டேப் போடுங்கள். உங்கள் எச்சிலிலும் டிஎன்ஏ இருக்கிறது.