கல்வி ஆலோசனை நிறுவனத்தின் தலைமைக் குழுவை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
மகள் ஜெர்மனியில் முதுகலை படிக்க விரும்புவதால் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அணுகினோம். அவர்களுடைய கையேட்டில் கோட்டும் டையுமாக ஏழு பேரின் படங்கள் உள்ளன. ஆனால் 'இயக்குநர்', 'துணைத் தலைவர்' என்ற பதவிப் பெயர்களைத் தவிர, யார் எங்கே பணியாற்றினார் என்று ஒரு வரிகூட இல்லை. நம்பிப் பணம் கட்டலாமா?

மறுமொழி 1:
ஐயா, அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால், சட்டப்படி இயக்குநர்கள் யார் என்பதை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அங்கே பெயர் இல்லாத 'இயக்குநர்' வெறும் விசிட்டிங் கார்டு இயக்குநர்தான்.

மறுமொழி 2:
பெயரைவிட வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணமே வாங்குவதில்லை என்பதால், முகவருக்குக் கமிஷன் பொதுவாகத் தனியார் கல்லூரிகளிடமிருந்தே கிடைக்கும்; ஆகவே அவர்கள் எந்தக் கல்லூரிகளை முதலில் நீட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்குத் தேவைப்படும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு (படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படுவது) மகளே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. அவர்கள் தந்த பட்டியலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு தனியார் கல்லூரிகள்.