களிமண்ணில் விண்டர் பீன்ஸ்: விதை அளவு, ஆழம், ப்ளாக்கிராஸ்

கொழுமுனை:
வணக்கம். கிழக்கு இங்கிலாந்து, கனத்த களிமண். தொடர்ந்து கோதுமை போட்ட 30 எக்டேரில் இந்த ஆண்டு விண்டர் பீன்ஸ் (குளிருக்கு முன் விதைக்கும் ஃபாபா பீன்ஸ்) போடத் திட்டம். நிலத்தில் ப்ளாக்கிராஸ் என்ற புல் களை அதிகம். விதை பண்ணையிலேயே எடுத்து வைத்தது: ஆயிரம் விதை எடை 720 கிராம், முளைப்பு 88 சதம். எக்டேருக்கு 200 கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிறார்கள். சரியா?

அடுத்து, விதைக்கும் முறை. கைவசம் உள்ள டைன் டிரில் (கொத்துக்கால் வைத்த விதைப்புக் கருவி) 6 செ.மீ.க்குக் கீழே விதையை இறக்காது. விதையைத் தூவி மேலே கலப்பை ஓட்டி மூடும் பழைய முறைக்குப் போகலாமா? செப்டம்பர் கடைசியில் நிலம் நல்ல பதத்தில் இருக்கும், அப்போதே முடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

வரப்போரம்:
செப்டம்பர் வேண்டவே வேண்டாம். அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவுக்குள் முடியுங்கள். முன்னதாகப் போட்டால் பனிக்காலத்துக்கு முன்பே செடி தளதளவென்று வளர்ந்து நிற்கும். அந்த இளந்தண்டுதான் உறைபனியில் முதலில் கருகும். தப்பியதும் வசந்தத்தில் அடர்ந்து, உயர்ந்து, சாக்லேட் புள்ளி நோய்க்கு இடம் கொடுத்துச் சாயும். டிசம்பரில் சில இலைகளோடு குட்டையாக நிற்கும் செடியே போதும்.

கிலோவை வைத்து விதை அளவைத் தீர்மானிக்காதீர்கள், எண்ணிக்கையில் பாருங்கள். வசந்தத்தில் சதுர மீட்டருக்கு 18 செடி நிற்க வேண்டும், 20 வரை போகலாம். தூவி உழுவதில் ஐந்தில் ஒரு பங்கு விதை வீணாகும் என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 0.88-ஆல் வகுத்து, அதை மறுபடி 0.80-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 25.6 விதை. ஒரு விதை 0.72 கிராம் என்பதால் எக்டேருக்கு ஏறத்தாழ 184 கிலோ. டிரில்லில் இழப்பை 15 சதமாக எடுத்தால் 173 கிலோ.

உங்கள் விதைக்கு 200 கிலோ போட்டால் 19, 20 செடி நிற்கும், பெரிய தவறில்லை. ஆனால் ஆயிரம் விதை எடை 520 கிராம் உள்ள வேறொரு விதைக்கு அதே 200 கிலோ போட்டால் 27 செடி! விண்டர் பீன்ஸ் அடியிலிருந்து பக்கத் தண்டு விடும் பயிர். 12 செடி நின்றால்கூட ஓரளவு ஈடுகட்டிவிடும். நெருக்கத்துக்கு மட்டும் அதனிடம் மாற்று இல்லை. ஆகவே ஒவ்வொரு விதைத் தொகுதியையும் தனித்தனியாக எண்ணி எடை போடுங்கள்.

ஏர்க்கால்:
ஆழம்தாங்க இதுல உயிர்நாடி. 6 செ.மீ. பத்தாது. விதைக்கு மேல அமுங்கின மண்ணே 8 செ.மீ.க்குக் குறையாம இருக்கணும். மூணு காரணம். ரூக் காகமும் புறாவும் மேலாப்புல கிடக்கிற விதையைத் தோண்டித் தின்னுடும். ரெண்டாவது, உறைபனியில தலைத்தண்டு செத்தாலும் மண்ணுக்குள்ள இருக்கிற கணுவிலிருந்து புதுத்தண்டு கிளம்பணும். மூணாவது களைக்கொல்லி. முளைப்புக்கு முன்னாடி அடிக்கிற பெண்டிமெத்தலின் மாதிரி மருந்துங்க மேல்மண்ணுல நிக்கணும், விதையைத் தொடக்கூடாது. கட்டியும் இடுக்குமா கிடக்கிற நிலத்துல மருந்து அடிச்சதும் கனமழை பெஞ்சா, மருந்து நேரா விதைகிட்ட இறங்கிடும்.

தூவி உழுறதா இருந்தா 12லிருந்து 15 செ.மீ. போதும். 20க்கு மேல புதைச்சா முளை மேல வரத் திணறும், வந்தாலும் ஒண்ணு முன்ன ஒண்ணு பின்னன்னு வரும். உர ஸ்ப்ரெடர்லயே தூவலாம். ஆனா பீன்ஸ் விதை உரம் பறக்கிற மாதிரி பறக்காது. வீசும் அகலத்தைக் குறைச்சு, விதை சீரா விழுதான்னு பாக்கத் தட்டு வரிசையா வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு இறங்குங்க. உழுதப்புறம் மேல்மண்ணைச் சமன் பண்ணி, ஈரம் விட்டா உருளையும் ஓட்டுங்க. அப்பதான் மருந்துப் படலம் ஒரே சீரா படியும்.

ஆனா உங்க நிலத்துக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். 15 செ.மீ. உழவு மண்ணை முழுசாப் புரட்டாது. மேல கொட்டிக் கிடக்கிற ப்ளாக்கிராஸ் விதையில பாதியைக் கலக்கிட்டு பாதியை மேலயே விட்டுடும். புதைக்கணும்னா 20, 25 செ.மீ.க்கு நல்லாப் புரட்டுங்க, அதுக்கப்புறம் ஆழமா இறக்கிற டிரில்லை வாடகைக்கு எடுத்துப் போடுங்க. உழவே வேண்டாம்னா, அறுப்பு முடிஞ்சதும் மேலாகக் கீறி ரெண்டு தடவை களையை முளைக்க வச்சு, கிளைபோசேட் களைக்கொல்லியால கொன்னுட்டு, மண்ணை அதிகம் கிளறாத டிரில்லால விதைங்க.

வரப்போரம்:
ஏர்க்கால் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ப்ளாக்கிராஸ் நிலத்தில் விண்டர் பீன்ஸின் பெரிய பலன் புரோபைசமைடு என்ற களைக்கொல்லி. கோதுமையில் அதை அடிக்க முடியாது, இதில் முடியும். ப்ளாக்கிராஸ் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதாக இதுவரை கேள்வியில்லை. மண் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கி, மேலும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், ஈரமும் வேண்டும். வெதுவெதுப்பான மண்ணில் அது சீக்கிரமே சிதைந்துவிடும். விதைப்பைத் தள்ளிப்போட இதுவும் ஒரு காரணம். வைக்கோல் குவியல் மேலே கிடந்தால் மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பரப்பிவிட்டு அடியுங்கள். அளவு, கடைசித் தேதி, விதை ஆழம் மூன்றையும் லேபிளில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் முளைத்தபின் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்க வழி மிகக் குறைவு, எனவே முளைப்புக்கு முந்தைய மருந்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கொழுமுனை:
மிக்க நன்றி. ஆழமாக இறக்கும் டிரில்லை ஏற்பாடு செய்கிறேன். விதைக்கு வேறு பரிசோதனை தேவையா? தழைச்சத்து கொஞ்சமாவது கொடுக்கலாமா? பூக்கும் பருவத்தில் எதை எப்போது அடிப்பது?

நெற்றுமணி:
முளைப்பு பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். பண்ணை விதைக்கு இரண்டு சோதனை கட்டாயம்: தண்டு நூற்புழு, அஸ்கோகைட்டா இலைப்புள்ளி. இரண்டும் விதையோடு வருபவை. பிரிட்டனின் பயறு ஆய்வு அமைப்பான பி.ஜி.ஆர்.ஓ. ஆய்வகத்திலேயே செய்து தருவார்கள். நூற்புழு ஒன்று தென்பட்டாலும் அந்த விதையை நிலத்தில் போடாதீர்கள். அது மண்ணில் பல ஆண்டு தங்கும், பிறகு விரட்டவே முடியாது. பயிர்ச் சுழற்சியில் பீன்ஸுக்கும் பீன்ஸுக்கும் ஐந்தாண்டு இடைவெளி விடுங்கள். பட்டாணியையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள். மூடுபயிர்க் கலவையில் வெட்ச் என்ற பயறினச் செடி இருந்தால் அதையும் மறக்க வேண்டாம்.

தழைச்சத்து ஒரு கிலோவும் தேவையில்லை. பிரிட்டன் மண்ணில் இதற்கான ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா) பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. யூரியா கொடுத்தால் வேர்முடிச்சு குறையும், வேறு பயன் இல்லை. அமில காரநிலை 6.5லிருந்து 7 வரை இருக்கட்டும். மண் இறுகல் இருந்தால் விதைப்புக்கு முன்பே உடையுங்கள். ஆணிவேர் இறுகிய அடுக்கில் முட்டி வளைந்தால், ஜூன் வறட்சியில் பிஞ்சு உதிரும்.

சாக்லேட் புள்ளிக்குப் பூக்கத் தொடங்கும்போது முதல் தெளிப்பு. ஈரம் தொடர்ந்தால் மூன்று, நான்கு வாரத்தில் அடுத்தது. சிறு பழுப்புப் புள்ளியாக நிற்கும் வரை பயிர் தாங்கும். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து இலை கருக ஆரம்பித்தபின் மருந்து பலிக்காது. குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லி 2020 முதல் இல்லை. இப்போது பெரும்பாலும் அசாக்சிஸ்ட்ரோபின், டெபுகோனசோல் சேர்க்கைதான். டெபுகோனசோல் பின்னால் வரும் துரு நோய்க்கும் உதவும்.

மனித உணவுச் சந்தையை நினைத்தால் புரூகிட் என்ற பயறு வண்டைக் கவனியுங்கள். பாதிச் செடிகளில் அடிக்காய் பிடித்திருக்க வேண்டும், பகல் வெப்பம் அடுத்தடுத்து இரண்டு நாள் 20 டிகிரியைத் தொட வேண்டும். இரண்டும் சேரும்போதுதான் தெளிப்பு. காய் கீழே இருப்பதால் சாய்வான நாசிலும் நிறையத் தண்ணீரும் வேண்டும். தேனீக்கள் அடங்கிய பிறகு, மாலையில் மட்டும். அப்படி அடித்தும் முழுப் பலன் கிடைக்காத ஆண்டுகள் உண்டு. கால்நடைத் தீவனத்துக்கு விற்பதாக இருந்தால் இந்தச் செலவே தேவையில்லை. நம் ஊர்ப் பயறு வண்டு போல இது கிடங்கில் பெருகாது. காய்ந்த விதையில் மறுபடி முட்டையிடாது. துளை வயலில் வந்த அளவோடு நிற்கும்.

ஏர்க்கால்:
அறுப்புக்கு ஒரு வார்த்தை. காய் கறுத்து விதை கெட்டியானா போதும், தண்டு கொஞ்சம் பச்சையா இருந்தா கவலை வேண்டாம். ஈரம் 18 சதம் வந்ததும் கம்பைனை இறக்குங்க. ரொம்பக் காய விட்டா காய் வெடிச்சுக் கொட்டும், விதையும் உடையும். கதிரடிக்கிற டிரம்மோட வேகத்தைக் குறைங்க, அதுக்குக் கீழ இருக்கிற சல்லடைத் தட்டான கான்கேவை நல்லா அகட்டுங்க. பெரிய விதைங்கிறதால உலர்த்தும்போது வெளித்தோல் காஞ்சு உள்ள ஈரம் நிக்கும். குறைஞ்ச சூட்டுல, தேவைப்பட்டா நடுவுல ஆறவிட்டு ரெண்டு தடவையா 14, 15 சதத்துக்குக் கொண்டு வாங்க. குவிச்சப்புறம் ஒரு வாரம் கழிச்சு ஈரத்தை மறுபடி அளந்து பாருங்க, உள்ள இருந்த ஈரம் அப்பதான் வெளிய தெரியும்.