"ஷேர்": பெயர்ச்சொல்லாகத் தமிழில் எப்படிச் சொல்வது? (வியாழனுக்குள் வேண்டும்)

கோத்தகிரி, கணினி ஆசிரியை (திங்கள் இரவு)

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளி ஆய்வகத்துக்குக் கோப்பு வழங்கி (சர்வர்) ஒன்றை ஒருவழியாக அமைத்து முடித்தோம். 11 விண்டோஸ் கணினிகள், மாணவர்கள் கொண்டுவரும் லினக்ஸ் மடிக்கணினிகள், எஸ்டேட்காரர் ஒருவர் கொடுத்த 2 பழைய மேக். எல்லாம் ஒரே இடத்தில் கோப்பு வைத்து எடுக்க வேண்டும். உபுண்டு லினக்ஸ் போட்ட கணினி ஒன்றில் சாம்பா என்ற கோப்பு பகிரும் மென்பொருளை நிறுவினோம், நன்றாக ஓடுகிறது. ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வருவதால் யூபிஎஸ் மட்டும் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. அலுவலக அறையில் உள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை மட்டும் சேர்க்க முடியவில்லை. அதற்குக் கோப்பு பகிரும் நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்புதான் தெரியும், புதிய சாம்பாவோ அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. 2017இல் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் புகுந்தது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் என்பதால் நானும் திறந்துவிட விரும்பவில்லை.

இப்போது கையேடு எழுதுகிறேன். 24 பக்கம், வியாழன் காலை மேட்டுப்பாளையம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எனக்குப் பின்னால் வருகிற ஆசிரியரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

தடுமாற்றம் "ஷேர்" என்ற சொல்லில். வினையாக வந்தால் "பகிர்" போதும். பெயராக வரும்போது என்ன செய்வது? சாம்பாவின் அமைவுக் கோப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், அதன் கீழே அது எந்தக் கோப்புறையைக் காட்டுகிறது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று வரிகள். அந்தத் தொகுதிதான் ஷேர். முதல் வரைவில் "பகிர்ந்த கோப்புறை" என்று எழுதினேன். மாணவி ஒருத்தி படித்துவிட்டு, "டீச்சர், சர்வர்ல பாடம் ஃபோல்டர் ஒண்ணுதான்னீங்க, இங்க ரெண்டு காட்டுதே?" என்றாள். அவள் கேட்டது சரி. ஒரே கோப்புறையை "பாடம்" என்று எல்லாரும் படிக்கவும், "பாடப்பணி" என்று ஆசிரியர்கள் மட்டும் எழுதவும் இரண்டு ஷேராகக் கொடுத்திருக்கிறேன்.

லினக்ஸ் பக்கத்தில் வரும் "மவுன்ட்" (ஷேரை நம் கணினியின் கோப்புறை ஒன்றில் இணைப்பது) இன்னொரு சிக்கல். அதற்கும் சொல் தாருங்கள்.

குன்னூர், மென்பொருள் தமிழாக்கம் (திங்கள் இரவு)

"பகிர்வு" என்றே வையுங்கள். தொழிற்பெயர் தொழிலைக் குறிக்காமல் அதன் பயனைக் குறிப்பது தமிழுக்குப் புதிதில்லை. "வற்றல் தின்றான்" என்பதில் வற்றுதலையா தின்றான்? தொழிலாகுபெயர் என்று பள்ளியிலேயே படிக்கிறோம்.

இன்னும் தெளிவு வேண்டுமானால் "பகிர்கோப்புறை". வினைத்தொகை. நேற்றுப் பகிர்ந்தது, இன்று பகிர்வது, நாளை பகிரப்போவது மூன்றும் அதற்குள் அடங்கும். ஊறுகாய் போல. நடுவில் ஒற்று போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

கோவை, வலையமைப்பு நிர்வாகி (செவ்வாய் காலை)

பகிர்கோப்புறை நிற்காது. பிரிண்டரும் ஷேர்தான், அதில் எந்தக் கோப்புறை? சாம்பாவில் வீட்டுப் பகுதி என்று ஒன்றை ஒரே தடவை எழுதினால் உள்நுழைகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு ஷேர் தோன்றும். அந்த மாணவி கேட்ட கேள்விக்கும் இந்தச் சொல் பதில் சொல்லாது. ஷேரும் கோப்புறையும் ஒன்று என்று சொல்லிலேயே கட்டிவிட்டால், பிறகு பிரிப்பதற்கு ஆசிரியை பாடுபட வேண்டும்.

ஷேர் என்றே எழுதுங்கள் என்பது என் கருத்து. 20 ஆண்டாகச் சர்வர் அறைகளில் வேலை பார்க்கிறேன், "அந்த ஷேர்ல போடு" என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (செவ்வாய் மதியம்)

அன்புடையீர்,

கோவைத் தம்பி சொல்வது பிழைப்புக்குச் சரி. ஆனால் அம்மா எழுதுவது மாணவருக்கு. பிள்ளைகள் முதல்முறை சந்திக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லை என்று நாமே சொல்லிக்கொடுக்கலாமா?

எல்லாரும் வந்து வைத்து எடுக்கும் பொது இடத்துக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: மன்று. ஊர் கூடும் வெளி, அவை, ஆநிரை நிற்கும் தொழுவம் எல்லாம் மன்றுதான். நீலகிரியில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை நாம் மறந்தது வருத்தம். தோடர் குடியிருப்பை மந்து என்கிறோம். நம் ஊரின் பெயரே அதில்தான் முடிந்தது. 1821இல் சென்னைச் செய்தித்தாளுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் "வோட்டோக்கிமண்ட்" என்று வருகிறது, அதுவே பிறகு ஊட்டகமண்ட். உதகமண்டலத்தின் "மண்டலம்" பின்னால் வந்து ஒட்டிய வடசொல் உருவம், அடியில் இருப்பது மந்து. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் தமிழ் மன்றும் தோடர் சொல்லும் கோத்தர் சொல்லும் ஒரே பதிவில் நிற்கின்றன. எமனோ இந்த மலையில் தங்கித் தோடர் மொழியை ஆராய்ந்தவர். கோத்தகிரிப் பிள்ளைகள் தங்கள் மலையின் சொல்லைக் கணினித் திரையில் பார்க்கட்டும். "கோப்பு மன்று" என்று எழுதுங்கள்.

"சேவையகம்" என்று எழுதாமல் "வழங்கி" என்று எழுதியதற்கு அம்மாவுக்கு என் வாழ்த்து.

குன்னூர் (செவ்வாய் மாலை)

ஐயா, மன்றம் என்றால் இன்றைக்கு வழக்கு மன்றம், கலை மன்றம், இணையத்தில் உரையாடல் மன்றம். மன்றில் கோப்பு கிடக்கிறது என்றால் யார் பேச வருகிறார்கள் என்று கேட்பார்கள்.

வழங்கியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. "கோப்பு வழங்கி" என்று எழுதினால் "கோப்பை வழங்கி, பிறகு..." என்று வினையெச்சமாக வாசிக்கத் தோன்றுகிறது. சேவையகத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

உதகை (செவ்வாய் மாலை)

ஒலிபெருக்கி, மின்தூக்கி, இடிதாங்கி. மூன்றும் வினையெச்சமாகவும் நிற்கும். யார் குழம்பினார்கள்? அகம் என்பது இடம். நூலகம், உணவகம். மேசைக்கடியில் இருக்கும் பெட்டி அகமாகுமா?

கோத்தகிரி (செவ்வாய் இரவு)

வழங்கியை வழங்கியாகவே விட்டுவிடுங்கள், 24 பக்கத்திலும் போட்டாயிற்று.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், உங்களில் யாருக்காவது பயன்படும். மேக்கில் இருந்த பழைய பாடக் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியே வழங்கிக்குப் பெயர்த்தேன். "கோத்தகிரி வரலாறு" என்ற கோப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது. அழிந்து மேலே எழுதப்படும் என்று பார்த்தால், அதே பெயரில் இரண்டு நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு மாலை இதிலேயே போயிற்று. காரணம் "கோ". யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளோ ஔவோ வருகிற பெயர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை, "பாடம்" தப்பித்தது. ஆர்சிங்க்கில் எழுத்துக் குறிமுறையை மாற்றும் விருப்பத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வரும் சண்டை நமக்கு இல்லை. நமக்குச் சண்டை இங்கே.

குன்னூர் (செவ்வாய் இரவு)

"கோப்பு" என்று எழுதினாலே இந்தச் சிக்கல் வரும், பாருங்கள். கோத்தல் என்பதிலிருந்து வந்தது கோப்பு, நூலில் கோப்பது. ஆங்கில ஃபைலும் இலத்தீனில் நூலைக் குறிக்கும் "ஃபீலும்" என்பதிலிருந்து வந்ததுதான், தாள்களை நூலில் கோத்து வைத்ததால். இரண்டு மொழியும் ஒரே நூலைப் பிடித்திருக்கின்றன.

கூடலூர், கணினிக் கடை (புதன் காலை)

மவுன்ட் பற்றி யாரும் பேசவில்லையே. "ஏற்று" வேண்டாம், பதிவேற்றத்தோடு குழம்பும். "பொருத்து" பரவாயில்லை. எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தது. பாட்டி கூடைக் கயிற்றைத் தலையில் "கொளுவினேன்" என்பார். தொங்கும், சுமக்கும், வேண்டாதபோது கழற்றிவிடலாம், கூடையில் இருப்பது கூடையிலேயே இருக்கும். மவுன்ட் அதைத்தானே செய்கிறது? தொலைவில் இருக்கும் ஷேரை நம் கணினியின் கோப்புறை ஒன்றில் கொளுவுகிறோம், வேலை முடிந்ததும் கழற்றுகிறோம்.

ஷேருக்கு நான் வாடிக்கையாளரிடம் சொல்வது "வாசல்". வீடு ஒன்று, முன்வாசல் எல்லாருக்கும், பின்வாசல் வீட்டுக்காரருக்கு. அக்கா சொன்ன இரண்டு ஷேர் அதுதான்.

உதகை (புதன் மதியம்)

கூடலூர்த் தம்பி, காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மன்றை விட்டுவிடுகிறேன். வாயில்! இல்லின் வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று, இலக்கணப் போலி. அகப்பாடல்களில் வாயில் என்றால் கதவு மட்டுமில்லை. தலைவனுக்காகத் தூது வருகிற பாணனும் பிறரும் வாயில்கள். தலைவியிடம் புகவிடு என்று கேட்பது வாயில் வேண்டல், தோழி முடியாது என்பது வாயில் மறுத்தல். மருதத் திணையில் எத்தனை பாடல்கள்! அனுமதியில்லாத ஷேரைத் திறந்தால் திரையில் வரும் மறுப்புச் செய்திக்கு "வாயில் மறுப்பு" என்பதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்ல முடியும்? அனுமதி கேட்பது "வாயில் வேண்டல்". இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருந்த சொல். "பகிர்வாயில்" என்று முடிவு செய்யுங்கள்.

கோவை (புதன் மதியம்)

ஐயா, அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்வேக்கு நுழைவாயில் என்று எழுதுகிறார்கள், போர்ட்டலுக்கும் வலைவாசல். வலையமைப்பில் ஏற்கெனவே வாசல் நிறைய. இணைப்புக்காகச் சாம்பா காத்திருக்கும் 445ஆம் போர்ட் எண்ணையும் இதே பக்கத்தில் அக்கா விளக்க வேண்டும், அதையும் பிள்ளைகள் வாசல் என்பார்கள். பகிர்வுக்கு என் ஓட்டு, அதுவும் ஷேர் கூடாது என்பதால்.

சாம்பாவைச் "சம்பா" என்று அச்சிட்டுவிடாதீர்கள், நெல்லாகிவிடும். எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை ஆஸ்திரேலியாவில் சாம்பாவை உருவாக்கிய டிரிட்ஜெல் அகராதிக் கோப்பில் தேடிப் பிடித்த பெயர் அது. அதைத் தமிழாக்க வேண்டாம்.

குன்னூர் (புதன் மாலை)

பகிர்வு. பகிர்கோப்புறையைத் திரும்பப் பெறுகிறேன், ஒரு கோப்புறைக்கு இரண்டு ஷேர் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூடலூர் (புதன் மாலை)

வாசல்தான் எனக்கு. பெரும்பான்மை பகிர்வு என்றால் தடுக்கவில்லை.

கோத்தகிரி (புதன் நள்ளிரவு)

எல்லாருக்கும் நன்றி. அச்சுக்குப் போவது இப்படி: ஷேர் என்பது பகிர்வு. முதல்முறை வரும் இடத்தில், "பகிர்வு என்பது கோப்புறை அன்று, கோப்புறைக்குள் போகும் வாசல். ஒரு கோப்புறைக்குப் பல வாசல் இருக்கலாம்" என்று இரண்டு வரி சேர்த்தேன். அந்த மாணவியிடம் காட்டினேன். "அப்ப பாடப்பணி ஆசிரியர் வாசல்" என்றாள்.

மவுன்ட்டுக்கு "பொருத்து" என்று போட்டிருக்கிறேன். கொளுவு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது பாதிப் பிள்ளைகள் கொழுந்து என்று கேட்டார்கள், தோட்டத்துப் பிள்ளைகள். விளக்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

உதகை (வியாழன் அதிகாலை)

அம்மா, அச்சகத்துக்குக் கிளம்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பகிர்வை ஏற்கிறேன், மனம் ஒப்பவில்லை. மறுப்புச் செய்திக்கு மட்டுமாவது "வாயில் மறுப்பு" என்று 17ஆம் பக்கத்தில் மாற்ற முடியுமா? ஒரே ஒரு சொல்.

கூடலூர் (வியாழன் காலை)

பாட்டியின் தங்கையிடம் போனில் கேட்டேன். கொளுவு இல்லையாம், "கொழுவு" என்கிறார், ழகரம். இலங்கையில் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றும் சொன்னார். ஐயா, எது சரி?